பல்லவி சார் போட்ட அப்டேட்

"அப்டேட் போடும் முன் உங்கள் கோப்புகளை நகல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்டுக்கொண்டது. பல்லவி சார் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"நகல் எடுக்கறதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க வேலை."

அறையில் வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டரிடம்தான் சொன்னார். ஆனால் கூடத்தில் சாப்பாட்டு மேஜையின் மேல் துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு அது கேட்டுவிட்டது. அவளுக்கு எல்லாமே கேட்கும்.

"ஏங்க, அதுவே வாய் திறந்து கேக்குதே. எடுத்துட்டுத்தான் போடுங்களேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாதுதான். நாங்க தையல்காரங்க. வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அளப்போம்."

"இது துணி இல்லம்மா. தொழில்நுட்பம்."

"சரி. நீங்க அளக்காமலே வெட்டுங்க."

வெட்டினார். அதாவது, பொத்தானை அழுத்தினார்.

பல்லவி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தெரு வைத்த பெயர். அவருடைய தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் பல்லாகத் திருப்பி அனுப்புவார். வட்டாரத்துப் பெரியவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள் என்றால் அதில் இவருடைய கைவேலை இருக்கிறது என்று அர்த்தம். தொழில் பல், உயிர் பாட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்த எவனோ ஒரு குறும்புக்காரன் 'பல்லவி' என்று கூப்பிட்டான். இவர் செய்யும் பல் செட்டைவிட அது கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

பாட்டுச் சேர்ப்பதைக் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டார். கேசட்டிலிருந்து குறுந்தட்டுக்கு, குறுந்தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு என்று ஒவ்வொன்றையும் கைக்குழந்தை மாதிரி இடுப்பு மாற்றி இடுப்பு மாற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் வயலின் நுழைகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கல்யாண நாள் எது என்று விழித்திருக்கும்போது கேட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவார்.

அந்தப் பாட்டுகள் குடியிருக்கத் தனி அறை. வீட்டில் வெளிச்சமும் காற்றும் வரும் ஒரே அறை அதுதான். நடுவில் ஒரு நாற்காலி. எதிரே பீரோ உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். மனைவியோ கூடத்து மேஜையில் வெட்டி, அதே மேஜையில் சோறு போட்டாள். சில நாள் தட்டில் குண்டூசி கிடக்கும். ஒருமுறை டீயில் துணிக்குக் கோடு போடும் சாக்கட்டி கரைந்திருந்தது. அதைக் குடித்துவிட்டு, "இன்னிக்கு டீ நல்லா கெட்டியா இருக்கு" என்று பாராட்டியவர்தான் பல்லவி சார்.

"அந்த ரூம்ல ஒரு ஓரமா என் மேஜையைப் போட்டுக்கறேனே" என்று அவள் கேட்காத மாதமில்லை.

"ஓரமாவா? ஒலி மூச்சு விட இடம் வேணாமா?"

"ஒலிக்கு மூச்சு முட்டக் கூடாது. எனக்கு முட்டலாம்."

"நீ எதையுமே தப்பாத்தான் எடுத்துப்பே."

இப்படிப்பட்ட அறையில்தான் அப்டேட் முடிந்தது. திரை புது வர்ணத்தில் பளபளத்தது. பொத்தான்கள் எல்லாம் இடம் மாறி, புதுமணப்பெண் அடுக்கிய அலமாரி போல, எது எங்கே என்று தெரியாமல் அழகாக இருந்தன. பல்லவி சார் பாட்டு நூலகத்தைத் திறந்தார். அது அன்போடு சொன்னது:

"உங்கள் நூலகத்தில் பாடல்கள் இல்லை. முதல் பாடலைச் சேர்த்து மகிழுங்கள்!"

மகிழ முடியவில்லை. மூடித் திறந்தார். அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டரின் முதுகில் லேசாகத் தட்டிக்கூடப் பார்த்தார். முதல் பாடலைச் சேர்த்து மகிழும்படி அது மறுபடியும் வற்புறுத்தியது. அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அதில் பாதிப் பாட்டு இனி எந்தக் கடையிலும் கிடைக்காது. பாடியவர்களே மறந்துபோன பாட்டுகள். நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்ட ஸ்பீக்கர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி கதவருகே தலையை நீட்டினாள்.

"என்னங்க, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"எனக்கு என்ன? அப்டேட் போட்டா மெஷினுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கணும். அதான் முறை."

"மெஷினுக்கே ஓய்வு கொடுக்கறாங்களா! நல்ல கம்பெனி. பொண்டாட்டிக்கும் இப்படி ஏதாவது அப்டேட் இருந்தா சொல்லச் சொல்லுங்க."

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு உதவி மையத்துக்குப் போன் போட்டார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது ஒரு குரல். அவ்வளவு முக்கியமான அழைப்பை அவசரப்பட்டு எடுத்துவிடக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, காத்திருக்கச் சொல்லிவிட்டு இசையைப் போட்டார்கள். எல்லாப் பாட்டையும் இழந்தவருக்கு ஒரே ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"சார், நகல் எடுத்தீங்களா?"

"இல்ல."

"எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்குமே சார். ஏன் எடுக்கல?"

"அதைக் கேக்க வீட்டுலயே ஆள் இருக்கும்மா. நீங்க வழியைச் சொல்லுங்க."

வழி இருந்தது. தொலைந்ததை மீட்க ஒரு தனி மென்பொருள். "கம்ப்யூட்டர்ல சத்தம்னு எது ஒளிஞ்சிருந்தாலும் தோண்டி எடுத்துடும் சார். ஆனா பேரு, வரிசை எதுவும் இருக்காது. வெறும் நம்பர்தான் வரும். பரவாயில்லையா?"

"பெத்தவனுக்குப் பிள்ளையைக் குரல் வெச்சே தெரியும். போடுங்க!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோண்டல் முடிந்தது. எல்லாம் வந்துவிட்டது! பெயர் இல்லாமல், சிறைக்கைதிகள் போல நம்பர் போட்டு, வரிசையாக நின்றன. பல்லவி சார் துள்ளிக் குதித்தார். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். ஸ்பீக்கரின் சத்தத்தைக் கடைசிவரை திருகினார்.

"இங்க வா! மெஷின் தொலைச்சதை மனுஷன் மீட்டுட்டான். வந்து கேளு!"

"தொலைஞ்சுதா? ஓய்வுன்னு சொன்னீங்க?"

"அதெல்லாம் பழைய கதை. கேளு!"

முதலில் ஒரு வயலின். தெரு நின்று கேட்டது. அடுத்து ஒரு காதல் பாட்டு. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலுக்கே வந்துவிட்டார். பல்லவி சார் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவதாக ஒரு பெண்குரல் எழுந்தது. பழகிய குரல்.

"மாடி வீட்டு அக்கா. இடுப்பு நாப்பத்திரண்டு. நேர்ல கேட்டா நாப்பதுன்னே சொல்லணும். போன தடவை உண்மையைச் சொல்லப் போய் ஒரு மாசம் பேச்சுவார்த்தை இல்ல."

மனைவி அளவுகளைப் போனில் பேசிப் பதிவு செய்து, அதே கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது வழக்கம். மென்பொருள் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தது. சத்தம் என்று எது இருந்தாலும் தோண்டிவிட்டது. பல்லவி சார் நிறுத்தும் பொத்தானைத் தேடினார். அப்டேட் அதை எங்கே குடிவைத்திருந்தது என்று தெரியவில்லை. அழுத்திய பொத்தான் அடுத்ததைப் போட்டது.

"அதே அக்கா. இடது தோள் இறக்கம். பஞ்சு வெச்சு மறைக்கணும். கேட்டா 'இப்ப இதுதான் ஃபேஷன்'னு சொல்லிக்கலாம்."

எழுத்துக்கு எழுத்து தெளிவு. நல்ல ஸ்பீக்கர் அல்லவா! மனைவி பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினாள். அதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம் இறங்கி வந்தது. மாடி வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். டாக்டர்களே அவருக்கு வழிவிட்டு ஓரமாக நடப்பார்கள்.

"யாருக்கும்மா நாப்பத்திரண்டு?"

பல்லவி சாருக்கு உள்ளூர ஒரு சின்னச் சந்தோஷம். மாட்டியது மனைவி அல்லவா? அவள் எப்படிச் சமாளிக்கிறாள் பார்ப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

"அதை ஏன்க்கா கேக்கறீங்க," என்றாள் மனைவி, கண் கூடச் சிமிட்டாமல். "இவர் வேண்டாத அப்டேட்டைப் போட்டு எல்லாத்தையும் கெடுத்து வெச்சுட்டார். எல்லா அளவுலயும் ரெண்டு ரெண்டு கூடிப்போச்சு. என் பாடுதான் திண்டாட்டம். இல்லீங்க?"

நர்ஸம்மாவின் பார்வை ஊசி போல அவர் பக்கம் திரும்பியது.

"ஆ... ஆமா," என்றார் பல்லவி சார். "இந்த அப்டேட்ல ரெண்டு கூடுது. கம்பெனியே ஒத்துக்கிட்டாங்க."

"என் தோளைப் பத்தி ஏதோ சொல்லிச்சே?"

"அதுவும் அப்டேட்தான்."

நர்ஸம்மா நீண்ட மூச்சு விட்டார். நாற்பது நாற்பதாகவே இருப்பதில் அவருக்குப் பரம திருப்தி. "அப்ப குத்தம் உங்க மேலதான். இனிமே அந்த ஸ்பீக்கர் ரெண்டும் வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

மறுநாளே மனைவி ஒரு ஹெட்ஃபோன் வாங்கி வந்தாள். காது இரண்டையும் மெத்தென்று மூடும் ரகம். "பாவம், எவ்வளவு ஆசையா சேர்த்தது. காதுல மாட்டிக்கிட்டு நிம்மதியா ஒவ்வொண்ணா கேட்டுப் பேர் வைங்க." அவர் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒருத்தி மாட்டிக்கொண்டதற்கா சந்தோஷப்பட்டோம் என்றுகூட நினைத்தார்.

ஆனந்தமான நாட்கள் தொடங்கின. வேலை முடிந்து வந்ததும் நாற்காலியில் சாய்வார். ஹெட்ஃபோனை மாட்டுவார். கண்ணை மூடித் தாளத்துக்குத் தலையாட்டியபடியே பாட்டுகளுக்குப் பெயர் சூட்டுவார். அப்போதுதான் அந்தக் கருவியின் உண்மையான மகிமை தெரிந்தது.

"ஏங்க, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுங்க!"

முதலில் உண்மையாகவே அவருக்குக் கேட்கவில்லை. மனைவி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுத் தானே போய்க் கொட்டினாள். பிறகு பாட்டுக்குப் பாட்டு நடுவே பாதி கேட்டது. கடைசியில் முழுதாகக் கேட்டது. ஆனால் அவர் கேட்கவில்லை. கல்யாணமான ஆண் குலத்துக்கே விடுதலை வாங்கித் தந்துவிட்டோம் என்று பூரித்துப்போனார். குளியலறைக் குழாய் ஒழுகிய செய்தி, பல்பு போன செய்தி, கனத்த பையோடு மாடிப்படி அடியில் நின்று நர்ஸம்மா "பல்லவி சார், ஒரு கை பிடிங்க" என்று கூவியது, எல்லாம் காதில் விழுந்தன. தலை மட்டும் விடாமல் தாளம் போட்டது.

ஒரு மாலை, நல்ல பாட்டு ஒன்றின் நடுவே சத்தம் பொசுக்கென்று நின்றது. ஹெட்ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. எழுந்துபோய்ச் சார்ஜ் போடலாம். ஆனால் எழுந்தால் குப்பை. எனவே எழவில்லை. இல்லாத பாட்டுக்கு, இல்லாத தாளத்தில், முன்னைவிட ரசித்துத் தலையாட்டினார்.

மனைவி உள்ளே வந்தாள். கழுத்தில் அளவு டேப். பின்னால் நர்ஸம்மா.

"அக்கா, நீங்களும் கூட இருந்து கேளுங்க. பின்னால பேச்சு மாறக் கூடாது பாருங்க."

"நீ கேளும்மா. நான் சாட்சி."

"ஏங்க, இந்த ரூம்ல என் வெட்டற மேஜையைப் போட்டுக்கட்டுமா?"

பல்லவி சாருக்கு ஹெட்ஃபோனுக்குள்ளேயே வியர்த்தது. 'முடியாது' என்று கத்தலாம். கத்தினால் காது கேட்கிறது என்று ஆகிவிடும். அப்புறம் குப்பை, குழாய், பல்பு அத்தனைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். நர்ஸம்மாவின் பையும் அதில் சேரும். சரி, தலையாட்டுவதை நிறுத்தலாமா? பாட்டு ஓடும்போது தாளம் எப்படி நிற்கும்? மேலும் கீழும் ஆட்டினார்.

"பாத்தீங்களா அக்கா? சரிங்கறார்."

"தங்கமான மனுஷன்!"

அவர் ஒரு தந்திரம் செய்தார். தாளம் மாறியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாகத் தலையைப் பக்கவாட்டில் அசைத்தார்.

"அட, சந்தோஷத்துல ரெண்டு பக்கமும் ஆடுது!" என்றாள் மனைவி. "ஏங்க, புது மேஜை எதுக்கு வீண் செலவு? இந்த ஸ்பீக்கர் ரெண்டையும் படுக்க வெச்சு, மேல பலகையைப் போட்டா மேஜைக்குக் காலாச்சு. சரிதானே?"

ஆட்டினார்.

"உங்க நாற்காலியை அந்தச் சமையலறை ஓரமா போட்டுடலாமா? குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துல. உங்களுக்கும் எடுத்துக் கொட்ட வசதி."

கழுத்து சுளுக்கும் அளவுக்கு ஆட்டினார்.

நர்ஸம்மா, "கேட்டதுக்கெல்லாம் சரிங்கற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்" என்று மெச்சிக்கொண்டே மாடியேறினார். மனைவி நிதானமாக அறையை நீளவாக்கில் ஒருமுறை அளந்தாள். மறுபடியும் ஒருமுறை அளந்தாள். பிறகு அவர் அருகில் குனிந்து, ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி, காதோடு காதாகச் சொன்னாள்:

"இதுல வெளிப்பக்கம் ஒரு பச்சை விளக்கு எரியுமுங்க. அது அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு. கொடுங்க, சார்ஜ் போட்டுத் தரட்டுமா?"

பல்லவி சார் அதற்கும் தலையாட்டினார்.