ஆளுக்கேத்த சக்கரம்

சைக்கிளின் பின் சக்கரத்தில் மறுபடியும் இரண்டு கம்பிகள் உடைந்து தொங்கின.

ஞாயிற்றுக்கிழமை காலை. தலையில் ஹெல்மெட், கையில் தண்ணீர் பாட்டில். ஸ்டோர் கீப்பர் மாடிப்படிக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்காரப் பார்த்தார். வயிறு இடம் கொடுக்கவில்லை. நின்றபடியே குனிந்து பார்த்தார்.

"போன வாரம்தானே மாத்தினேன்? ஓட்டிட்டு வந்து நல்லாத்தானே நிறுத்தினேன்?"

"நீங்க இறங்கினதும் அது அப்பாடான்னு மூச்சு விட்டிருக்கும். அதுல உடைஞ்சிருக்கும்" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்தே.

கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மச்சினன். வேலை தேடுவதற்காக அக்கா வீட்டுக்கு வந்து, இன்னும் தேடிக்கொண்டே இருப்பவன். ஆள் குடைக்கம்பி மாதிரி இருப்பான். சைக்கிள் சமாச்சாரத்தில் வீட்டுக்கு அவன்தான் நிபுணன். போனில் அவன் பார்க்காத சைக்கிள் வீடியோ கிடையாது.

"இது மெட்டல் ஃபேட்டிக், இரும்பே களைச்சுப் போறது மாமா" என்று எழுந்து வந்தான். "நீங்க ஓட்டும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கும். நிறுத்தி ரெண்டு மூணு நாள் ஆனதும் தன்னால விட்டுரும். உங்க வெயிட் அப்படி. நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உடம்பைப் பற்றி யார் எது சொன்னாலும் தலையாட்டியே பழகிவிட்டவர் அவர். ஆபீசில் அவருக்கு 'லோடு' என்று பெயர். லிஃப்டில் அவர் ஏறினால் யாராவது ஒருவர் விளையாட்டுக்கு இறங்குவார். அதற்கும் அவர்தான் முதலில் சிரிப்பார்.

டாக்டர் சொல்லித்தான் அந்த மலை சைக்கிளை வாங்கினார். வாங்கிய பிறகு டாக்டரை மறந்துவிட்டார். ஊருக்குப் பின்னாலிருக்கும் குன்றின் மண்பாதையில் மூச்சு முட்ட ஏறி, மேலேயிருந்து ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, அவருக்கு உடம்பென்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் இருந்தார்.

"கம்பியைத் தடிமனாப் போட்டா?" என்றார்.

"போட்டுப் பாருங்க" என்றான் மச்சினன், பெருந்தன்மையாக.

போட்டார். அடுத்த ஞாயிறு கம்பிகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. சக்கரத்தின் வளையம்தான் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

"இப்ப கம்பி தாங்குது, வளையம் தாங்கலை" என்றான் மச்சினன். "வாங்க, கடைக்குப் போகலாம். நானும் வரேன். உங்களைத் தனியா விட்டா ஏமாத்திருவாங்க."

கடைக்காரர் ஸ்டோர் கீப்பரை மேலும் கீழும் பார்த்தார். "எடை எவ்வளவு சார்?"

பக்கத்தில் ஒரு பெண்மணி தன் மகளின் சைக்கிளுக்கு மணி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டோர் கீப்பர் குரலைத் தாழ்த்தி ஒரு எண்ணைச் சொன்னார்.

"மாமா!" என்றான் மச்சினன் கடை முழுக்கக் கேட்கும்படி. "அது உங்க கல்யாணத்தப்ப இருந்த எடை. சக்கரத்துக்கிட்டப் பொய் சொல்லக் கூடாது."

கடைக்காரர் பார்சல் நிறுக்கும் மெஷினைக் காட்டினார். ஸ்டோர் கீப்பர் செருப்பைக் கழற்றினார், ஏதோ அதில்தான் எல்லாம் இருப்பதுபோல. ஏறி நின்றார். முள் ஓடி ஓடி ஒருவழியாக நின்றது. கடையிலிருந்தவர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். சிறுமி மட்டும் நேராகவே பார்த்தாள்.

"ரெட்டைச் சுவர் வளையம், முப்பத்தாறு கம்பி, அகல டயர்" என்று மச்சினன் அடுக்கினான். "எவ்வளவு உயரத்துலேர்ந்து விழுந்தாலும் அசையக் கூடாது."

"நான் எதுக்கு விழணும்?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"நீங்க ஏறி உக்கார்றதே விழுற மாதிரிதானே மாமா."

வளையம் வந்தது. அதன் அகலத்துக்குப் பழைய பிரேக் கட்டை பொருந்தவில்லை. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் போட வேண்டும் என்றார்கள். அதை மாட்ட, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கையே மாற்ற வேண்டியிருந்தது. பின் சக்கரம் இப்படி இருக்கும்போது முன் சக்கரம் மட்டும் நோஞ்சானாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று அதையும் மாற்றினார்கள். சைக்கிள் பட்டறையிலேயே கிடக்க, ஞாயிறுகள் வந்து வந்து போயின. ஸ்டோர் கீப்பர் ஏரியைப் பார்க்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினார். ஆபீசில் தலைசுற்றி அலமாரி மேல் சாய்ந்தார். அலமாரி கவிழ்ந்தது. மறுநாள் கேன்டீனில் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவிட்டு இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கறையாம்.

"எதுக்குங்க இந்த வயசுல இதெல்லாம்?" என்றாள் மனைவி. "சக்கரத்தை மாத்துறதுக்குப் பதிலா ஆளை மாத்த முடிஞ்சா மாத்தியிருப்பேன்."

அவள் சிரிக்காமல் சொன்னாள். அன்றைக்கு அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் சைக்கிள் வீட்டுக்கு வந்தது. மச்சினன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, கண் கலங்காத குறையாக நின்றான். தினமும் அவனே துடைத்து, எண்ணெய் போட்டு, மண் ஒட்டாமல் வைத்துக்கொண்டான். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பொறுப்பு இருக்காது என்று ஸ்டோர் கீப்பர் நினைத்தார்.

அந்த ஞாயிறு ஒரு கம்பிகூட உடைந்திருக்கவில்லை. வளையம் நெளியவில்லை. குன்றின் மேல் நின்று ஏரியைக் கண்குளிரப் பார்த்தார். இத்தனை நாள் சக்கரத்தைத் தன் உடம்பு கொன்றுகொண்டிருந்தது. இன்று அதற்கு ஒரு பிராயச்சித்தம் செய்துவிட்டார். மச்சினனுக்கு நல்லதாக ஒரு சட்டை எடுத்துத் தர வேண்டும். யாரிடமாவது சொல்லி ஒரு வேலையும் பார்த்துத் தர வேண்டும்.

இறங்கி வந்து, அடிவாரத்துப் பூங்காவின் பெஞ்சில் வியர்வை ஆற உட்கார்ந்தார். பூங்காவின் காவல்காரர் அவரை விட்டுவிட்டுச் சைக்கிளையே சுற்றி வந்தார். குனிந்து பின் சக்கரத்தை ஒரு தட்டு தட்டினார்.

"நல்ல சக்கரம், இல்லையா?" என்றார் ஸ்டோர் கீப்பர். வாழ்க்கையில் முதல்முறையாகப் பெருமையடித்துக்கொண்டார். "என் எடையைத் தாங்கணும்னு பார்த்துப் பார்த்துப் போட்டது."

காவல்காரர் விழித்தார்.

"உங்க எடைக்கா? இதை தினம் மத்தியானம் ஒரு ஒல்லித் தம்பி கொண்டாந்து அந்தப் படிக்கட்டு உச்சியிலேர்ந்து குதிக்க விடுவாரே சார்! கம்பி உடையும், வளையம் நெளியும், 'கவலைப்படாதீங்கண்ணே, எங்க மாமா குண்டுன்னு சொல்லியே நல்ல சக்கரமா வாங்கிருவேன்'னு சிரிச்சுக்கிட்டே உருட்டிக்கிட்டுப் போவார்."