சீர் ஹீட்டருக்கு நாலாவது கொட்டேஷன்

ரெட்டிபாளையம்,
மார்கழி 5.

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய வீரமணி மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் கீதாஞ்சலி கும்பிட்டு எழுதுவது. வாலிகண்டபுரத்தில் நீங்களும் அத்தையும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம், குளிக்காதவரை. எங்கள் மூன்று பேர் நம்பரையும் நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் கடிதம். தபால்காரரை பிளாக் செய்ய முடியாதே!

என் மஞ்சள் நீராட்டுக்கு நீங்கள் சீராகக் கொடுத்து, நீங்களே மாட்டியும் விட்ட சோலார் ஹீட்டர் படுத்துவிட்டது மாமா. ஊரில் மற்ற மாமன்கள் பட்டும் கொலுசும் தட்டில் கொண்டுவர, என் பிளம்பர் மாமன் மட்டும் மேளதாளத்தோடு டெம்போவில் ஹீட்டர் கொண்டுவந்ததால், பள்ளிக்கூடத்தில் இன்னமும் எனக்குக் 'கொதிகலன்' என்றுதான் பெயர். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், பச்சைத் தண்ணீரைத் தாங்க முடியவில்லை. குளித்துவிட்டு வரும் அப்பா பேசினால் பல்தான் பேசுகிறது. அந்தப் பல்லோடு மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டார்.

முதலில் அரியலூர் காசிநாதன். தொட்டியைத் தட்டிப் பார்த்து, "இந்தத் தண்ணில இருக்கிற சுண்ணாம்ப வச்சு வூட்டுக்கே வெள்ளையடிக்கலாம் சார். மொத்தமா கழட்டிட்டுப் புதுசு போடணும், நாப்பதாயிரம்" என்றார். அது கொட்டேஷன் இல்லை, நடு மண்டையில் கொட்டு. அம்மா, "பழச என்ன பண்ணுவீங்க?" என்றாள். "எடைக்குப் போட்ருவோங்க்கா." நீட்டிய டீயை அம்மா அப்படியே உள்ளே திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அடுத்து பெரம்பலூரிலிருந்து டை கட்டிய ஒரு அண்ணன் வந்து, கரண்ட் கீசர், ஐந்து வருட வாரண்டி, பழையதைக் கொடுத்தால் மூவாயிரம் தள்ளுபடி என்று செல்போனில் படம் காட்டினார். "எங்க வூட்டுச் சீருக்கு நீ யாருப்பா வெல சொல்றது?" என்று அம்மா கேட்ட கேள்வியில் டை தானாகவே தளர்ந்துவிட்டது. மூன்றாவதாக வந்த தமிழ்மாறன்தான் நல்லவர். "உப்பச் சுத்தம் பண்ணி ரெண்டு கண்ணாடிக் குழா மாத்துனாப் போதும்க்கா, ரெண்டாயிரத்து ஐநூறு." அப்பா அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. அம்மாவோ, "அதுல யாரும் கைய வைக்கக் கூடாது. மாட்டுனவன்தான் வந்து தொறக்கணும்" என்றாள்.

"மாட்டுனவன்தான் பேசறதே இல்லையே!" என்றார் அப்பா.

"யாரு பேசறதில்ல? என் தம்பிக்கு ஆயிரம் வேல இருக்கும்."

ஆறு மாதமாக 'எனக்குத் தம்பியே கெடையாது' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் மாமா! சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களையப் போய்விட்டாள். அரிசி ஏற்கெனவே உலையில் வெந்துகொண்டிருந்தது.

ஆகவே நாலாவது கொட்டேஷன் உங்களிடம் கேட்கிறேன். கூலி, நாட்டுக்கோழிக் குழம்பு. வாரண்டி, ஆயுசு முழுக்க. என் அக்கா கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே போனதற்குத்தானே இவ்வளவு கோபம்? அச்சகத்தில் புரூஃப் பார்த்தது அம்மா இல்லை, நான்தான். பெயர்களைப் பார்க்காமல் பிள்ளையார் படத்துக்கு மீசை வரைந்துகொண்டிருந்தேன். எனவே கோபத்தை என் பெயருக்கு மாற்றிவிட்டு, அம்மாவை அன்பிளாக் செய்யவும். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் பையோடு வரவும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதத்தை நேரில் வந்து தலையில் வைக்கவும், கொட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
விறைத்துப்போன மருமகள்,
கீதாஞ்சலி.

பின்குறிப்பு: ஹீட்டர் நேற்றே சரியாகிவிட்டது மாமா. அம்மா சந்தைக்குப் போன நேரத்தில் அப்பா தமிழ்மாறனைக் கூட்டிவந்து வேலையை முடித்துவிட்டார். வெந்நீர் கொதிக்கிறது. நீங்கள் வந்தால் செய்ய ஒரு வேலை வேண்டுமே என்று, இப்போதுதான் மாடியேறி வெந்நீர் வால்வை மூடினேன். திரும்பினால் பின்னால் அம்மா, கையில் இந்தக் கடிதம்! முதுகில் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"வெந்நி வருதுன்னு எனக்குக் காலையிலயே தெரியும்டி. நல்லா இறுக்கி மூடு. உங்கப்பா ஞாயித்துக்கெழம வரைக்கும் பச்சத் தண்ணியிலயே குளிக்கட்டும்."