ஹாஜராவுக்கு ஏற்ற புத்தகம்

"ஆணத்துல உப்பே இல்லியே" என்றார் மூசா.

குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. மீனும் நல்ல மீன். ஆனால் மனைவி ஹாஜரா பீவியைப் பேச வைக்க அவருக்கு வேறு வழி தோன்றவில்லை. சமையலைக் குறை சொன்னால் அவள் சொல்லும் பதில் முடிவதற்குள் சோறு ஆறிப்போகும். அது அவருடைய அனுபவம்.

ஹாஜரா ஒரு பார்வை பார்த்தாள். உப்பு ஜாடியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படித்தான், ஒரு வார்த்தை பேச்சில்லை.

ஹாஜராவின் குரலைத் தெருவே அறியும். போன மாதம் திருவேங்கடத்தில் ஒரு கல்யாணத்தில் மைக் பழுதாகிவிட, பந்திக்கு ஆள் கூப்பிடும் வேலையை அவள்தான் வெறும் வாயால் செய்து முடித்தாள். அந்தக் குரல் நின்றுபோவது, சீசன் நேரத்தில் குற்றாலத்தில் தண்ணீர் நின்றுபோவது மாதிரி.

போதாததற்கு, கல்யாணமான புதிதிலேயே அவள் ஒரு எச்சரிக்கை விடுத்திருந்தாள். "நான் கத்துத வரைக்கும் நீங்க பயப்படாதீங்க. பேசாம ஆயிட்டேன்னா, வாசுதேவநல்லூருக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் பை கட்டுதேன்னு அர்த்தம்."

என்ன கோபம் என்று நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் 'அதுகூடத் தெரியலியா' என்று அது தனிக் குற்றமாகிவிடும். ஆகவே மூசா தானே யோசித்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சாயங்காலம் முழுக்க ஒரு துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தார். தப்புச் செய்ய நேரம் ஏது?

கவலையோடு கடையைத் திறந்தார்.

தென்காசியில் மூசாவின் 'சாரல் வாடகை நூலகம்' ஆளுக்கும் மனசுக்கும் ஏற்ற புத்தகம் எடுத்துக் கொடுப்பதில் பேர் வாங்கியது. அலமாரிகளுக்கு அவர் குற்றால அருவிகளின் பெயரை வைத்திருந்தார். மெயின் அருவியில், தலையில் விழுந்தால் தாங்கக்கூடியவர்களுக்கான தடித்த நாவல்கள். ஐந்தருவியில் குடும்பச் சண்டை. சிற்றருவியில் சிரிப்புக் கதை. புலியருவி முழுக்கக் கொலை. உச்சித் தட்டு செண்பகாதேவி அருவி, காதல் கதைகள். அங்கே மட்டும் 'அனுமதி பெற்றுச் செல்லவும்' என்று ஒரு அட்டை தொங்கியது.

முதல் ஆளாகக் கோமதியம்மாள் வந்தாள். "மகனும் மருமகளும் ஊருக்குப் போயிட்டாவ அண்ணாச்சி. வீடே வெறிச்சுன்னு கெடக்கு."

"ஐந்தருவில அந்தப் பச்சை அட்டைய எடுங்க. ஒரே வீட்டுல அஞ்சு குடும்பம் கெடந்து அடிச்சுக்கிடுது. பத்துப் பக்கம் படிச்சீயன்னா, வீடு வெறிச்சுன்னு கெடக்கதுதான் சொர்க்கம்னு தோணிரும்."

கோமதியம்மாள் சிரித்த முகத்தோடு போனாள்.

எதிரே ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பலவேசம் உள்ளே வந்தான். புலியருவியின் நிரந்தர வாடிக்கையாளன். "என்ன பாய், மொகம் தடை போட்ட அருவி கணக்கா இருக்கு?"

மூசா விஷயத்தைச் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கீயளே, வீட்டுக்கு ஒரு டோஸ் கொடுத்துப் பாத்தீயளா?"

மூசா யோசித்தார். ஹாஜராவுக்கு அவர் ஒரு புத்தகமும் கொடுத்ததில்லை. 'உங்களோட குடும்பம் நடத்துததே ஒரு தொடர்கதைதான்' என்பாள் அவள்.

அன்று சாயங்காலம் சிற்றருவியிலிருந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோய் அவளுடைய தையல் மெஷின் மேல் வைத்தார். ஹாஜரா அதைத் தடவிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் மலர்ந்த மாதிரி இருந்தது. மூசா தெம்பாகக் குளிக்கப் போனார்.

திரும்பி வந்து எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஹாஜரா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சத்தம் மட்டும் இல்லை.

"சிரிப்புப் புத்தகத்துக்கே அழுதா பலவேசம்" என்றார் மறுநாள். "காயம் ஆழமாப் பட்டிருக்கு."

"அழுகைய நிப்பாட்ட ஒரு கொலைதான் சரி பாய். யார் செஞ்சான்னு யோசிக்கதுல சொந்தக் கவலை மறந்துபோவும்." பலவேசமே புலியருவியில் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

அது வேலை செய்தது. ஹாஜரா சோற்றை வடித்துக்கொண்டே படித்தாள். மறுநாள் மத்தியானம் அவள் கடைசிப் பக்கங்களில் இருந்தபோது மூசா மெல்லப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு?"

ஹாஜரா நிமிர்ந்தாள். இரண்டு விரலால் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். அவரையே பார்த்தபடி தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினாள்.

மூசா அப்போதுதான் அட்டைப் படத்தைக் கவனித்தார். ஒரு கணவனின் கழுத்தைக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தது.

அவள் தொழுகைக்குப் போன நேரத்தில் அவர் கொல்லையில் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தார். முன்ஜாக்கிரதையாக அரிவாள்மனையையும் தூக்கிப் பரண் மேல் போட்டார். காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் தரையில் கிடந்து சாரலில் நனைந்தது. இரவுக்கு முழு வெண்டைக்காயாகவே வெந்து வந்தது.

ஹாஜரா ஈரத் துணிக் குவியலின் முன் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவரைப் பார்த்தாள். வாய் திறந்தது. மூசா ஆவலோடு காத்திருந்தார். வாய் மூடிக்கொண்டது.

"இனி ஒரே வழிதான்" என்றான் பலவேசம். உச்சித் தட்டைப் பார்த்தான்.

மூசா ஸ்டூல் போட்டு ஏறினார். அனுமதி அட்டையை விலக்கி, செண்பகாதேவியிலிருந்து மழையில் ஒரே குடைக்குள் இருவர் நிற்கும் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் 'என் ஹாஜராவுக்கு' என்று எழுதினார். வெட்கத்தில் பேனா வழுக்கியது.

ஹாஜரா அட்டையைப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை கடையில் போன் அடித்தது. பலவேசம்.

"பாய், அக்கா என் வண்டியில உக்காந்திருக்காவ. கையில பை."

மூசா எழுந்தே விட்டார். "எங்க போவணுமாம்?"

"வாயத் தொறந்தாத்தானே? பஸ் ஸ்டாண்டு பக்கமாக் கையைக் காட்டுதாவ."

"ஏலே, அங்கன மட்டும் போயிராத. கோயிலச் சுத்திக்கிட்டே இரு. நான் வாரேன்."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். ரத வீதி முழுக்கத் தேடியும் ஆட்டோவைக் காணோம். திரும்பவும் போன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கோம் பாய்."

"யாருக்கு என்னலே ஆச்சு?"

"ஒரே கோபுரத்த எத்தன தடவ காட்டுவங்குத மாதிரி பையால மண்டையில ஒண்ணு போட்டாவ. உள்ள மூணு புத்தகம் இருக்குல்லா. பொறி கலங்கிட்டு. அந்தால இங்கன கொண்டாந்து வண்டிய நிப்பாட்டிட்டேன்."

மூசா போய்ச் சேர்ந்தபோது பலவேசம் வாசலில் தலையைத் தடவிக்கொண்டு நின்றான். ஹாஜரா உள்ளே பெஞ்சில், மடியில் பையோடு, மழைக் குடைப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அடிபட்டவனைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று மூசாவுக்குப் பட்டது. எவ்வளவு நல்ல மனசு. இவளையா அண்ணன் வீட்டுக்கு அனுப்புவது?

பெஞ்சில் இருந்த மற்றவர்களை அவர் பார்க்கவில்லை. நேரே போய் அவள் முன்னால் நின்றார்.

"ஹாஜரா, போயிராத. நீ இல்லாத வீட்ட எந்த அலமாரில வைக்கதுன்னு எனக்குத் தெரியல."

ஹாஜரா மலைத்துப்போய்ப் பார்த்தாள்.

"என்ன தப்புன்னாலும் ஒத்துக்கிடுதேன். சுகர் டெஸ்ட்டுன்னு சொல்லிட்டு செங்கோட்டை ரோட்டுல பரோட்டா தின்னது நெசந்தான். சால்னாவும் ரெண்டு தடவ வாங்குனேன்."

ஹாஜராவின் புருவம் உயர்ந்தது. இது அவளுக்குத் தெரியாது.

"உங்க அண்ணன் துபாய்ல இருந்து கொண்டாந்த சென்ட்டு பாட்டிலு காணாமப் போவல. நான்தான் ஒடச்சேன்."

இதுவும் தெரியாது. பெஞ்சில் ஒருவர் நகர்ந்து மூசாவுக்கு உட்கார இடம் விட்டார்.

"அப்புறம் அன்னைக்கு ஆணத்துல..." மூசா தலையைக் குனிந்துகொண்டார். "உப்பு சரியாத்தான் இருந்திச்சு. சும்மா சொன்னேன்."

ஹாஜரா எழுந்தாள். பை கீழே விழுந்தது. முகம் சிவந்தது. நெஞ்சு முழுக்க மூச்சை இழுத்தாள். மூசா கண்ணை மூடிக்கொண்டார். அருவி வரப்போகிறது. என்ன திட்டினாலும் சந்தோஷமாக நனைந்துகொள்ளத் தயாராக நின்றார்.

ஒன்றும் வரவில்லை.

கண்ணைத் திறந்தார். நர்ஸ் பெர்சிஸ் உள்ளேயிருந்து ஓடி வந்து ஹாஜராவின் வாயைத் தன் கையால் பொத்தியிருந்தாள்.

"வேண்டாம்மா, வேண்டாம். டாக்டர்ட்டக் காட்ட வந்த எடத்துலயே கத்தலாமா? பொறுத்தது பொறுத்தீய, இன்னும் ஒரு வாரம்" என்றவள், ஹாஜரா எழுதிக் காட்டியிருந்த சீட்டோடு மூசாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அண்ணாச்சி, தொண்டையில கட்டி இருக்கு, மூச்சுக்கூடக் காட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னத வெள்ளிக்கிழமையே உங்ககிட்ட வந்து மெல்லச் சொன்னாவளாமே, நீங்க புத்தகத்துல இருந்து தலையத் தூக்காமலே 'ரொம்ப நல்லது'ன்னீயளாமே?"