டீ குடிக்கப் போன பைலட்

"பைலட்டு எங்கம்மா?" என்று கேட்டார் முதல் ஆளாக ஓடி வந்த மாயவன்.

எழில்மதி விமானத்திலிருந்து இறங்கி இன்னும் முழுதாக நிமிரக்கூட இல்லை. கல்வராயன் மலைமேல், சாமை அறுத்த புன்செய்க் காட்டில், ஒரு பக்கம் பாறைக்கும் மறுபக்கம் பலா மரத்துக்கும் நடுவே, இருமிக்கொண்டிருந்த என்ஜினோடு ஒரு கிழட்டு விமானத்தைக் கீறல் விழாமல் இறக்கியிருந்தாள். அதற்கு யாராவது ஒரு சொம்புத் தண்ணீராவது கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தாள்.

"நான்தாங்க பைலட்டு."

மாயவன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விமானத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து அதன் அடியிலும் பார்த்தார்.

"அது சரிம்மா. ஓட்டிக்கினு வந்தவரு எங்க?"

அதற்குள் ஈச்சங்காடு என்ற அந்த ஊர் மொத்தமும் ஓடி வந்து சுற்றி நின்றுவிட்டது. ஒருவர் மாற்றி ஒருவர் அதையே கேட்டார்கள். எழில்மதியும் ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னாள். யாரும் மறுக்கவில்லை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டு மறுபடியும், "பைலட்டு எங்க?" என்றார்கள்.

இந்தூரிலிருந்து காரைக்குடிக்கு விமானத்தை ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும். அதுதான் அவளுடைய வேலை. காரைக்குடியில் தெய்வசிகாமணி என்ற பழம்பொருள் பிரியர் அதை வாங்கியிருந்தார். எழில்மதியின் அம்மாவைவிட அந்த விமானத்துக்கு வயது ஜாஸ்தி. உடம்பு முழுக்கத் துணி, துணிமேல் மஞ்சள் பூச்சு. ஸ்டார்ட்டர் கிடையாது; யாராவது முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்றிவிட வேண்டும். பெட்ரோல் அளவு காட்ட முள்ளும் கிடையாது. டேங்க் மூடி வழியாக ஒரு கம்பி தலை நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி இறங்க இறங்க ஓட்டுகிறவரின் மனசும் இறங்கும். எதிர்க்காற்று பலமாக அடித்தால், கீழே நெடுஞ்சாலையில் போகும் பஸ் முந்திவிடும். பெங்களூர் வரை அது எந்தத் தகராறும் செய்யவில்லை. ஏற்காட்டுப் பக்கம் மேகம் மூடியிருந்ததால் கிழக்கே ஒதுங்கி வந்தாள். சரியாகக் கல்வராயன் மலைக்கு மேலே என்ஜின் இருமத் தொடங்கியது.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும். வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் நகர வழியில்லை. இன்னும் நாலு பேர் வந்து, "பைலட்டு எங்கம்மா?" என்றார்கள்.

"டீ குடிக்கப் போயிருக்காரு!" என்று கத்திவிட்டாள் எழில்மதி.

கூட்டம், "அப்படிச் சொல்லு!" என்று சொல்லிக்கொண்டே மொத்தமாகக் கலைந்துபோனது.

எழில்மதிக்கு அப்பாடா என்றிருந்தது. வடிகட்டியைக் கழற்றித் தண்ணீரை வடித்தாள். ஆனால் உடனே கிளம்ப முடியாது. இறங்குவதற்குப் போதுமான இடம் ஏறுவதற்குப் போதாது; காட்டுக் கடைசியில் இருக்கும் கல் வரப்பையும் முள்வேலியையும் எடுத்தாக வேண்டும். என்ஜினையும் இன்ஜினியர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஊரில் ஒரே ஒரு பாறைமேல்தான் செல்போன் சிக்னல் கிடைத்தது. அதில் ஏறி நின்று பெங்களூரில் இருந்த இன்ஜினியர் சுபைருக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"நா வராம கை வைக்காத எழிலு. நாளன்னைக்கு வந்துர்றேன்," என்றார் சுபைர்.

இருசம்மாள் என்ற நடுவயதுப் பெண் வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். எதையும் கேட்கவில்லை. அவ்வளவு நேரத்தில் பைலட்டைப் பற்றிக் கேட்காத ஒரே ஆள் அவள்தான். எழில்மதிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பிட்டுக் கைகழுவும்போது சப்-இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வன் வந்து சேர்ந்தார். அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறியிருந்தார். ஓடைக்கு அந்தப்பக்கமே ஜீப் நின்றுவிட்டதாம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கி முடிக்கச் சிறிது நேரம் பிடித்தது.

"பைலட்டு காணோமாமே?"

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது. டீ குடிக்கப் போனவரு திரும்பல. இந்த ஊர்ல டீக்கடையே இல்ல மேடம்! அப்ப எங்க போயிருப்பாரு?"

எழில்மதி தன் லைசென்சை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லைசென்சு உங்க பேர்லதான் இருக்கு. ஒத்துக்கறேன். எங்க வீட்டம்மாகூட லைசென்சு வெச்சிருக்கா. வண்டி நான்தான் ஓட்டுறேன். சரி, விமானத்துல ரெண்டு சீட்டு இருக்குதே, நீங்க எதுல உக்காந்திருந்தீங்க?"

"பின்சீட்டுல."

"பாத்தீங்களா!"

"சார், இந்த விமானத்தை ஒத்த ஆளா ஓட்டினா பின்சீட்டுல உக்காந்துதான் ஓட்டணும். அப்பதான் எடை சரியா நிக்கும்."

"மேடம், எனக்கு இத்தனை வருஷ சர்வீசு. டிரைவரு பின்சீட்ல உக்காந்த வண்டிய நா பாத்ததில்ல."

வேறு வழியில்லாமல் அவரைப் பாறைமேல் ஏற்றி சுபைருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். சுபைர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்புச்செல்வன் ஸ்பீக்கரில் போட்டார். கரகரவென்று சத்தம் வந்தது. அதற்கு நடுவே சுபைரின் குரல், "பைலட்டுக்கு ஒண்ணும் ஆவலியே சார்? பத்திரமா பாத்துக்குங்க…" என்றது. அதோடு சிக்னல் போய்விட்டது.

"அவரும் பதறிக்கினுதான் கீறாரு," என்றார் கூட வந்திருந்த மாயவன்.

சப்-இன்ஸ்பெக்டர் முகம் இறுகியது. "பைலட்டைக் கடைசியா யாரு பாத்தது?"

"நாந்தாங்க," என்று மாயவன் கை தூக்கினார். "நல்ல ஒசரம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஓடைப் பக்கமா போய்க்கினு இருந்தாரு. 'இன்னா சார், எங்க?'ன்னேன். கையக் காட்டிட்டுப் போய்ட்டாரு."

"எங்கிட்ட பலாப்பழம் கேட்டாரு," என்றார் வீரமணி என்ற இன்னொருவர். "குடுத்தேன். மூணு சொளதான் துன்னாரு. மனசு சரியில்லாத மாதிரி இருந்துச்சு."

அவர்கள் சொன்ன அழகில், அப்படி ஓர் ஆள் உண்மையிலேயே கூட வந்தானோ என்று எழில்மதிக்கே ஒரு நொடி சந்தேகம் தட்டியது.

மறுநாள் காலையில் அவள் பாறைமேல் ஏறியதுமே அம்மா போன் செய்தாள். தியாகதுருகத்தில் வீட்டுக் கூடத்தில் டி.வி. ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது.

"எழிலு, டி.வி.ல உன் பிளேனக் காட்றான். நீ நல்லாகீறியா?"

"நல்லா இருக்கேம்மா."

"யாருடி அந்தப் பையன்?"

"எந்தப் பையன்?"

"பைலட்டு. ஒசரமாம், கண்ணாடி போட்டிருந்தானாம். ஒத்தையிலதான் போறேன்னு எங்கிட்ட சொன்ன?"

"அம்மா, அப்படி யாருமே இல்லம்மா!"

"நா ஒண்ணும் திட்டலையே. பலாப்பழம்கூட மூணு சொளதான் துன்னானாம். அடக்கமான புள்ளதான் போல. கெடைச்சதும் நேரா வூட்டுக்குக் கூட்டியா. அப்பாகிட்ட நா பேசிக்கறேன்."

போனை வைத்ததும் அடுத்த அழைப்பு வந்தது. காரைக்குடி தெய்வசிகாமணி.

"ஏம்மா, செய்தி பாத்தேன். பைலட்டை முழுங்குன விமானம் எனக்கு வேண்டாம். ராசி சரியில்லை. திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

"ஐயா, பைலட்டு நான்தான். உங்ககிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன்."

"நீங்க யாரைக் காப்பாத்தறீங்கன்னு எனக்குத் தெரியல. அவரு கிடைக்கட்டும், அப்புறம் பேசலாம்."

இந்த வேலையை ஒழுங்காக முடித்தால் அடுத்தடுத்து இதுபோல் பழைய விமானங்கள் வரும் என்று நம்பித்தான் எழில்மதி விமானப் பயிற்சிப் பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு கோபத்தில் உளறிய நாலு வார்த்தை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும் போலிருந்தது.

நேரே ஊர் நடுவுக்குப் போனாள். எல்லாரையும் கூப்பிட்டாள்.

"நான் பொய் சொன்னேன். டீ குடிக்க யாரும் போகல. இந்த விமானத்துல வந்தது நான் ஒருத்திதான். எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க. தேடுறதை நிறுத்துங்க."

கூட்டம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. எழில்மதிக்கு நம்பிக்கை பிறந்தது.

இருசம்மாள் மெல்ல எழுந்து வந்து அவள் தோளில் கைவைத்தாள். சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "பயத்துல பேசுது சார். ராத்திரியெல்லாம் தூங்கல," என்றாள்.

"அதிர்ச்சி," என்றார் அன்புச்செல்வன். அவள் காதில் விழாதபடி சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஆம்புலன்சுக்குச் சொல்லிடறேன்," என்றார்.

அதன் பிறகு எதுவும் அவள் கையில் இல்லை. தீயணைப்பு வண்டி வந்தது, ஓடையில் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது, அதன் பின்னால் நின்றது. மோப்ப நாயை ஏற்றி வந்த வண்டியும் அங்கேயே நிற்க, நாய் மட்டும் நடந்து மேலே வந்தது. அது விமானத்தை ஒரு சுற்று சுற்றி மோந்தது. பிறகு நேராக எழில்மதியிடம் வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து குரைத்தது.

"பாருங்க சார், நாய்க்குத் தெரியுது!" என்றாள் எழில்மதி.

"உங்க மேல அவரு வாசனை இருக்குது மேடம்," என்றார் அன்புச்செல்வன் பரிவோடு.

அன்புச்செல்வன் சொல்லி, கீழே கச்சிராயபாளையத்திலிருந்து இரண்டு ஜே.சி.பி.யும் ஒரு ரோடு ரோலரும் வந்தன. ஓடையில் பெரிய சிமென்ட் குழாய்களை இறக்கி மண்ணைக் கொட்டினார்கள். வண்டிகள் மேலே ஏறுவதற்கு, ஒற்றையடிப் பாதையை அகலப்படுத்திக் கிராவல் போட்டு உருளை ஓட்டினார்கள். மாயவன் முன்னால் நின்று வழிகாட்டினார். "இப்டிக்கா போனாருங்க. இல்ல, இந்த வளைவுல. ஆங், இங்கயும் கொஞ்சம் வெட்டிப் பாருங்க!" அவர் கை காட்டிய இடமெல்லாம் இயந்திரம் வெட்டியது. பைலட் ஊரைச் சுற்றி ஒரு தெரு விடாமல் நடந்திருந்தார்.

முதலில் ஊருக்குள் ஏறிய வண்டி ஆம்புலன்ஸ். பைலட்டுக்காக அது காத்திருந்தபோது, நிறைமாதமாக இருந்த ராஜாம்பாளுக்கு இடுப்பு வலி எடுத்தது. சும்மாதானே நிற்கிறது என்று அவளை அதில் ஏற்றினார்கள். மற்ற நாளாக இருந்தால் தூளி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்கியிருப்பார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் சுகம் என்று ராத்திரி, சிக்னலுக்காகப் பாறைமேல் நின்றிருந்த ஒருவருக்குச் செய்தி வந்தது. ஊர் கைதட்டியது. எழில்மதியும் தன் கவலையை மறந்து தட்டினாள்.

மறுநாள் உச்சிவேளையில், புதுப் பாதையில் புழுதி பறக்க ஒரு ஜீப் வந்து விமானத்தருகே நின்றது. கருவிப் பெட்டியோடு சுபைர் இறங்கினார்.

"என்ன எழிலு, இவ்ளோ போலீசு? உன் ஒருத்திக்கா?"

அன்புச்செல்வன் பாய்ந்து வந்தார். "சார், பைலட்டு போட்டோ கொண்டாந்தீங்களா?"

"போட்டோ எதுக்கு? இதோ நிக்குதே பைலட்டு," என்று சுபைர் எழில்மதியைக் காட்டினார். "இவங்களுக்கு நான்தான் பெங்களூர்ல விசிறி சுத்திவிட்டேன். ஒத்த ஆளாத்தான் ஏறிப் போச்சு."

அன்புச்செல்வன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக மாயவன் பக்கம் திரும்பினார்.

"ஒசரம், தொப்பி, கண்ணாடின்னு சொன்னியே?"

"தூரத்துல பாத்தனுங்க. சோளக்கொல்லப் பொம்மையா இருக்கும்."

"பொம்மை கையைக் காட்டிச்சா?"

"காத்து ஜாஸ்தி சார் அன்னிக்கி."

அன்புச்செல்வன் வீரமணியைத் தேடினார். பலாச்சுளை கொடுத்த வீரமணி அந்த வட்டாரத்திலேயே இல்லை.

ஆனாலும் அந்த சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். எழில்மதியிடம் வந்து, "மன்னிச்சிருங்க மேடம். பின்சீட்டுன்னதும் நான்…" என்று இழுத்தார். தானே பாறைமேல் ஏறிக் காரைக்குடிக்குப் போன் செய்து, பைலட் கிடைத்துவிட்டதாகவும் விமானம் யாரையும் விழுங்கவில்லை என்றும் காக்கி அதிகாரத்தோடு அறிவித்தார். தெய்வசிகாமணி, "அப்ப ராசியான விமானந்தான், அனுப்பி வைங்க," என்றார். தியாகதுருகத்துக்கு எழில்மதியே பேசினாள். அம்மா, "அப்ப அந்தப் பையன் இல்லவே இல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று பிற்பகலே ஜே.சி.பி. கல் வரப்பையும் முள்வேலியையும் தள்ளிக் காட்டைச் சமமாக்கிக் கொடுத்தது. சுபைர் என்ஜினைப் பார்த்து, மேலே சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி, கிளம்ப அனுமதியும் வாங்கிவிட்டார். எழில்மதி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். ஊரே வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தது. சுபைர் விசிறியருகே போய் நின்றார்.

இருசம்மாள் ஒரு பை நிறையச் சாமை அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்து முன்சீட்டில் வைத்தாள். நல்ல பெண்தான், இரண்டு நாளாக வயிறு வாடாமல் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் எழில்மதிக்கு மனத்தாங்கல் ஆறவில்லை.

"இப்பவாச்சும் நம்புறீங்களாக்கா, நான்தான் பைலட்டுன்னு?"

இருசம்மாள் திரும்பிப் பார்த்தாள். அன்புச்செல்வன் எட்டத்தில், புது ரோட்டோரம், தன் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். அவள் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ ஒத்தையில எறங்குனத ஊரே பாத்துச்சு கண்ணு. ஆனா கெடைச்ச பைலட்டுக்கு யாரு ரோடு போடுவாங்க?"