மூன்று பூச்சுப் பல்

மடியில் மகள் மிட்சுகியின் தலை. இடது கையால் அவள் உதட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். வலது கையில் குட்டி பிரஷ். எங்கள் ஜப்பானில் பிள்ளை தானாகத் தேய்த்தாலும், கடைசியாக ஒரு தரம் அம்மா தேய்த்துவிட வேண்டும். இவளுக்கு நாலு வயசு. கேள்வி கேட்கத்தான் வாயைத் திறப்பாள். எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. இருந்தாலும் என் வீட்டுக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்ல எனக்குக் கூச்சம்.

அவர் பெயர் கென்சாகு. எங்கள் கோச்சி ஊர் முழுக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறவர். சாரத்தின் உச்சியில் ஒற்றைக் காலில் நிற்பார். பல் டாக்டர் வாசலில் இரண்டு காலும் நிற்காது. அவர் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. சோற்றுப் பருக்கை ஒன்று தாராளமாகக் குடியிருக்கலாம். கோடைக்குள் அடைக்காவிட்டால் பிடுங்க வேண்டியதுதான் என்று தமாகி டாக்டரம்மா சொல்லி மூன்று மாசம் ஆச்சு. போன வருஷம் இப்படித்தான் ஒரு பல் போச்சு.

ஒரு நாள் பற்பசையோடு வந்து நின்றார்.

"இனிமே எனக்கு டாக்டரே வேண்டாம். இது நானோ பேஸ்ட். பல்லு எதுல ஆச்சோ அதே சரக்கு. கண்ணுக்கே தெரியாத பொடி. ஓட்டையை அடைச்சிடும்."

"கண்ணுக்குத் தெரியாத பொடி, கண்ணுக்குத் தெரியற ஓட்டையை எப்படிங்க அடைக்கும்?"

"பூச்சு வேலை பத்தி உனக்கு என்ன தெரியும்? மெல்லிசா ஒரு பூச்சு. காயணும். மேல இன்னொண்ணு. மொத்தம் மூணு. அவசரமே கூடாது."

தினம் காலையில் குச்சியால் தடவிக்கொண்டு, காயட்டும் என்று வாயைப் பிளந்தபடி வெயிலில் உட்கார்ந்தார்.

"என்ன சயோ, உன் வீட்டுக்காரர் எதைப் பார்த்து இப்படி அசந்துபோயிட்டார்?" என்றாள் பக்கத்து வீட்டு இசோனோ.

பத்து நாள். மிசோ சூப்பைக் குடித்ததும் பூச்சு வயிற்றுக்குள் போய்விடும். கன்னம்தான் தடித்தது.

மிட்சுகியின் பல்லைக் காட்டப் போனபோது, குனிந்த தலை நிமிராமல் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"பேஸ்ட் நல்லதுதான் சயோ. கண்ணுக்குத் தெரியாத கீறலுக்கு. குழிக்கு இல்ல. அவரைக் கூட்டிட்டு வா."

"வர மாட்டாரே…" அங்கே மூலைச் சுவர் மழையில் ஊறி உப்பியிருந்தது. எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "டாக்டர், அந்தச் சுவருக்கு ஆள் வேணுமா?"

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் கொத்துக்கரண்டியோடு கிளம்பினார். சுவர் என்றால் அவருக்கு என்ன பயம்? நானும் மிட்சுகியும் பின்னாலேயே போனோம்.

"மேலாப்பல நைசா தடவி விட்டுடுங்க. சுரண்ட எல்லாம் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

அவருக்கு வந்ததே கோபம்! "என்ன டாக்டர் பேசறீங்க? உள்ள அழுகினதை வச்சுக்கிட்டு மேல எவனாவது பூசுவானா? முதல்ல சுரண்டி எடுக்கணும். இல்லைன்னா எவ்வளவு நைஸ் பொடியா இருந்தாலும் நிக்காது!"

"அப்படியா? அப்போ அந்த நாற்காலியில உட்காருங்க. சுரண்டிடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அப்பா, ஆ காட்டு" என்றாள் மிட்சுகி.

பல் பிழைத்தது. சுவரும் பிழைத்தது. ஆனால் கிளம்பும்போது டாக்டரம்மா ஒன்று சொல்லித் தொலைத்தார். "உள்பக்கம் உங்களுக்குச் சரியா எட்டல. வீட்ல யாராவது கடைசியா ஒரு தரம் தேய்ச்சு விட்டா நல்லது." இத்தனை வருஷத்தில் டாக்டர் சொன்னதில் அதை மட்டும்தான் மனப்பாடமாக வைத்திருக்கிறார். ஜெயித்தது நான்தான் என்று இருந்தேன், இப்போது பார்த்தால்…

"அம்மா! அவளுக்கு முடிஞ்சுதா?" மிட்சுகி பிறந்ததிலிருந்து அவருக்கும் நான் அம்மாதான். "நான் படுத்துட்டேன். ஆ…"

"இதோ வரேங்க!" சின்ன பிரஷை வைத்துவிட்டுப் பெரிய பிரஷை எடுத்துக்கொண்டு எழுகிறேன்.