எஸ்.எஸ்.டி. சாவல, அப்பாகிட்ட சொல்லுங்க சித்தப்பா

பாண்டி, 14.11.2009

அன்பும் மரியாதையும் உள்ள ஜோசப் ஆனந்த் சித்தப்பாவுக்கு,

முத்தியால்பேட்டையிலேருந்து கிறிஸ்துதாஸ் எழுதறது. ஸ்தோத்திரம். பாரீஸ்ல நீங்க, சித்தி, பாப்பா எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்துல சௌக்கியமா இருப்பீங்க. நான் சௌக்கியமா இல்ல.

நீங்க அனுப்புன எஸ்.எஸ்.டி.ய, அதான் கம்ப்யூட்டர்ல சொருகற அந்த சின்ன டிஸ்க்க, நான் கீழ போட்டு சாவடிச்சிட்டேன்னு அப்பா உங்ககிட்ட போன்ல சொன்னாராமே. போட்டது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா செத்துச்சுங்கறது பொய். சிந்தியா அக்கா நிச்சயதார்த்தத்துல நான் எடுத்த போட்டோ மொத்தமும் அதுலதான் வெச்சேன், வேற எங்கயும் இல்ல. ரெட்டியார்பாளையத்துல மாப்பிள்ளை வீட்டுக்கு அத எடுத்துட்டுப் போனப்ப, மாப்பிள்ளையோட அப்பா, "இம்மாத்தூண்டு டப்பாவ நம்பியா வெச்சிருக்க"ன்னு கேட்டாரு. கேட்டா சும்மா இருக்க முடியுமா? பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி இதுல சுத்தற தட்டு கிடையாது மாமா, எல்லாம் சிப்பு, விழுந்தா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லி அவங்க ஹால்லயே இடுப்பு உயரத்துலேருந்து விட்டேன். அவங்க கம்ப்யூட்டர்ல சொருகுனா, அதுல இருந்த பாட்டு ஓடுச்சு. மாடிப்படியில உருட்டுனேன். ஓடுச்சு. மொட்டமாடியிலேருந்து போட்டேன். ஓடல.

நம்ம தெரு கிருஷ்ணசாமி அண்ணனோட கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அவரு சொருகிக்கூட பாக்கல. காதுல வெச்சாரு, கண்ண மூடுனாரு.

"சத்தமே இல்ல தம்பி. மோட்டார் போச்சு."

"இதுல மோட்டாரே கிடையாதுண்ணே."

"மோட்டார் இல்லாம எப்படி சுத்தும்?"

"சுத்தாதுண்ணே."

"அதான் நானும் சொல்றேன், சுத்தல."

இன்டர்நெட்ல கம்ப்யூட்டர் போரம்ல எட்டு நாட்டுக்காரனுக்கு பதில் சொல்றவன் நான், இவருக்கு சொல்ல முடியல. அப்பா அவர் பேச்ச நம்பிட்டாரு. அக்கா, "கல்யாணத்துல நீ கேமராவ தொட்டா நான் கோயிலுக்கே வர மாட்டேன்"னு சொல்லிட்டு நாலு நாளா எங்கிட்ட பேசல. நீங்க ஒரு தடவ போன் பண்ணி, எஸ்.எஸ்.டி. விழுந்தா சாவாதுன்னு அப்பாகிட்ட சொல்லுங்க. பிரான்ஸ்லேருந்து சொன்னா நம்புவாரு.

சித்திக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். மாதா உங்கள காப்பாத்தணும், முடிஞ்சா என்னயும்.

உங்க பிள்ளை,
கிறிஸ்துதாஸ்

பி.கு.: மெயில அனுப்பறதுக்கு முன்னாடி கேபிள மாத்திப் பாத்தேன். ஓடுது சித்தப்பா, செத்தது கேபிள்தான். ஆனா உள்ள நிச்சயதார்த்த போல்டர் இல்ல. ரெட்டியார்பாளையம் போறதுக்கு முந்தின நாள் அங்க போட்டுக் காட்டறதுக்காக நம்ம வீட்டு மாடியிலேருந்து எஸ்.எஸ்.டி.ய பதினாலு தடவ போட்டு ஒத்திகை பாத்து, எடுத்த வீடியோவெல்லாம் அதுலயே ஏத்துனேன். எடம் பத்தலன்னு ஒரு பெரிய போல்டர அழிச்சேன், பேர பாக்கல. வீடியோ பதினாலும் சூப்பரா இருக்கு. அதனால மேல எழுதுனத மறந்துடுங்க. அப்பாவுக்கு போன் பண்ணி, எஸ்.எஸ்.டி. கீழ விழுந்தா செத்துடும்னே சொல்லுங்க.