பாம்புத்தாராவும் பொங்கல் சீரும்

பொங்கல் வந்தாலே கோபி ஒளிய இடம் தேடுவான். பொங்கலோடு சீர் வரும். சீரைத் தூக்கிக்கொண்டு மச்சான் மாறன் வருவான். அவனோடும் அவன் அம்மாவோடும் கோபி பேசி ரெண்டு வருஷம் ஆகிறது.

காரணம், ஒரு பேனர். மாறன் தன் பிள்ளைக்குக் காது குத்தினான். மண்டப வாசல் பேனரில் அத்தனை சொந்தமும் சிரித்தது. பந்தல் போட்டவன்கூட சிரித்தான். அக்கா புருஷன் கோபியை மட்டும் காணோம்.

போன பொங்கலுக்கு மாறன் வந்தபோது கோபி பாத்ரூமுக்குள் புகுந்து, அவன் கிளம்பும்வரை குளித்தான். ஜலதோஷம்தான் மிச்சம். இந்த வருஷமாவது கௌரவமாக ஓடுவது என்று முடிவெடுத்தான்.

"கீதா, ஞாயித்துக்கிழமை ஏரியில பறவை கணக்கெடுக்கிறாங்க. நானும் போறேன்."

"அன்னிக்குத்தானே தம்பி சீர் கொண்டு வரான்?"

"அடடா! அன்னிக்கா?"

"காக்காவுக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?"

"கத்துனா தெரியும்."

"கத்தலன்னா?"

"காத்திருப்பேன்."

கீதாஞ்சலி அதோடு விட்டுவிட்டாள். "பனி ஜாஸ்தி, மஃப்ளர் கட்டிக்குங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டதில்லை. கோபிக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் பனிமூட்டத்தில் மலை பாதிதான் தெரிந்தது. காலேஜில் விலங்கியல் நடத்தும் கவிநிலா மேடம் வந்தவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்.

"கோபி சார், நீங்க இவரோட போங்க."

இவர் திரும்பினார். மாறன்!

"யாரும் பேசக் கூடாது. பறவைங்க பயந்துடும்" என்றார் மேடம்.

கோபிக்கு அது ரொம்ப வசதி. ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி இருவரும் கரையோரம் போய் நின்றார்கள். திடீரென்று தண்ணீருக்குள்ளிருந்து நீளமாக ஒரு கழுத்து எழுந்தது. வளைந்தது. கோபியையே பார்த்தது.

"பாம்பு! மச்சான், பாம்பு!"

கோபி ஒரே தாவலில் மாறனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஏரியிலிருந்த பறவைகளெல்லாம் மொத்தமாகக் கிளம்பின. தூரத்தில் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாமா, அது பாம்பு இல்ல. பாம்புத்தாரா. பறவைதான்" என்றான் மாறன், மூச்சுத் திணற.

கோபி இறங்கினான். வாயைத் திறந்தாகிவிட்டது. இனி மூடி என்ன பிரயோஜனம்?

"பேனர்ல ஏன்டா என்னைப் போடல?"

"எங்கிட்ட இருந்த ஒரே போட்டோவுல நீங்க கண்ணை மூடியிருந்தீங்க மாமா. அதைப் பேனர்ல போட்டா மாலையோட வந்துடுவாங்க ஜனங்க. எனக்கு மனசு வரல."

கோபி மஃப்ளரால் கண்ணைத் துடைத்தான். அதை மறைக்க டிபன் பாக்ஸைத் திறந்தான். இட்லி இருந்தது. சட்னி இல்லை. மாறனும் தன் பையைத் திறந்தான்.

"காலையில நீங்க கிளம்பினப்புறம் சீர் இறக்கப் போனேன், அக்கா குடுத்துச்சு மாமா. வெறும் சட்னி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சாப்பிட்டார்கள்.

ஒரே வண்டியில் வீடு வந்தார்கள். ஏமாந்ததைக் காட்டிக்கொள்ளாமல் கோபி மார்பை நிமிர்த்தினான்.

"கீதா, பாத்தியா யாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு! பெரிய மனசு வேணும் இதுக்கெல்லாம்."

"ஆமாங்க" என்றாள் கீதாஞ்சலி, தம்பிக்குக் காபியை நீட்டியபடி. "அடுத்த மாசம் மயில் கணக்கெடுக்கிறாங்களாம். உங்களை எங்க அம்மாவோட ஜோடி போடச் சொல்லிட்டேன்."